பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துப் பேச வகுப்பில் என்ன செய்யலாம்?

கேட்டவர் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறார். வகுப்பில் நாற்பது பேர். கேள்வி கேட்டால் கை தூக்குகிறார்கள், பதிலும் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் காதில் வாங்குவதே இல்லை; ஆளாளுக்குத் தன் பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பயிற்சியில் கேட்டு வந்து, ‘உன் கருத்தோடு உடன்படுகிறேன், ஏனெனில்...’, ‘உன் கருத்துடன் இதையும் சேர்க்க விரும்புகிறேன்...’ என்று சார்ட் எழுதி ஒட்டியிருக்கிறார். பிள்ளைகள் அந்த வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு, ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததையே சொல்கிறார்களாம். இதை எப்படி மாற்றுவது என்பது கேள்வி.

சார்ட் இருக்கட்டும், கழற்ற வேண்டாம். அதற்கான வேலை பிறகு வரும். இப்போதைக்கு ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது அதன் கண் எங்கே இருக்கிறது? உங்கள் முகத்தில். அது சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கண் எங்கே போகிறது? அதுவும் உங்கள் முகத்துக்குத்தான். சொன்னது சரியா தப்பா என்று அங்கேதான் தெரியும். ஆக அந்த நேரத்தில் பேச்சு இரண்டு பேருக்குள் நடக்கிறது. மீதி முப்பத்தொன்பது பேரும் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கு, முன்னால் இருப்பவர் கவுன்டரில் என்ன பேசினார் என்பது எதற்கு?

இது உங்கள் பள்ளியின் கோளாறு கிடையாது. இங்கிலாந்தில் சின்கிளேர், கூல்ட்ஹார்டு இருவரும் 1975-இல் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஹியூ மெஹான் 1979-இல் இதே மாதிரி எழுதினார். இரண்டு இடத்திலும் கிடைத்தது ஒரே வடிவம். ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை சொல்கிறது, ஆசிரியர் அதை மதிப்பிடுகிறார். அப்புறம் அடுத்த கேள்வி. சேலம் டவுனிலும் சரி, வாழவந்தி மாதிரி கிராமத்திலும் சரி, நான் ஆசிரியர் பயிற்சி வேலையில் இருந்த காலத்தில் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்று படியில்தான் ஓடின. பாடம் சரியாகப் புரிந்ததா என்று சோதிக்க இது நல்ல வழிதான். கலந்து பேச வைக்க உதவாது.

இதில் உங்கள் கையில் இருப்பது மூன்றாவது படி. பிள்ளை பதில் சொன்ன மறு நொடி நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சரி’, ‘வெரி குட்’, ‘உட்காரு’ என்று சொன்னவுடன் அந்தக் கேள்வி செத்துப்போகிறது. தூக்கிய கைகள் எல்லாம் ஏமாற்றத்தோடு இறங்குகின்றன. விடை கிடைத்த கேள்விக்கு இன்னொருவர் எதைச் சேர்ப்பார்? ‘தப்பு, வேற யாரு?’ என்றாலும் அதேதான்: முன்னால் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவா என்றுதான் அந்த ‘வேற யாரு’ பிள்ளைக்குக் கேட்கிறது. ஒருவர் சொன்னதன்மேல் இன்னொருவர் கட்ட வேண்டுமென்றால், முதலில் சொன்னது கொஞ்ச நேரமாவது தீர்ப்பு இல்லாமல் நடுவில் கிடக்க வேண்டும்.

எனவே முதல் வேலை, ‘சரி’யைத் தள்ளிப் போடுவது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்தால் நாக்கு அடங்காது. பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. பிள்ளை பதில் சொன்ன பின் காத்திருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். இதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன. பிள்ளைகள் தாமாக முன்வந்து பேசுவது கூடியது. ஒருவர் சொன்னதோடு இன்னொருவர் ஒப்பிட்டுப் பேசுவதும் கூடியது. கேள்விக்குப் பின் காத்திருக்க வேண்டும் என்பது பல பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. பதிலுக்குப் பின் காத்திருப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இந்த இரண்டாவது மௌனம்தான் முக்கியம். முதலில் பேசிய பிள்ளை பெரும்பாலும் அந்த இடைவெளியில் ‘ஏன்னா...’ என்று தானே தொடரும். காரணம் வெளியே வந்தால்தான் அடுத்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

மூன்று நொடி கழித்து என்ன சொல்வது? அங்கேயும் தீர்ப்பு வேண்டாம், பந்தை வகுப்பின் பக்கம் தள்ளிவிடுங்கள். ‘அவ என்ன சொன்னான்னு யாராவது உங்க வார்த்தையில சொல்லுங்க.’ ‘அப்படி நடக்கறதைப் பார்த்தவங்க யாரு?’ ‘அவன் சொல்றது எப்ப பொருந்தாது?’ இப்படிச் சில கேள்விகள் போதும். இதில் முதலாவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை அதன்மேல்தான் நிற்கின்றன. ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளை திருப்பிச் சொன்ன பிறகு, நீங்கள் முதல் பிள்ளையைப் பார்த்து, ‘நீ சொன்னது இதுதானா?’ என்று கேளுங்கள். நீதிபதி அந்தப் பிள்ளைதான். ‘இல்ல டீச்சர், நான் சொன்னது வேற’ என்று அது திருத்தும். அந்த ஒரு திருத்தத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியிருப்பார்கள், நடுவில் நீங்கள் இல்லாமல். நாற்பது பேர் வகுப்பில் இது தொடங்கக் கொஞ்ச நாள் ஆகும். ஆரம்பத்தில், ‘நான் கவனிக்கல டீச்சர்’ என்பார்கள். திட்ட வேண்டாம். முதல் பிள்ளையையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிவிட்டு, கவனிக்காதவரிடமே திரும்ப வாருங்கள். காது கொடுக்காமல் இங்கே தப்பிக்க முடியாது என்று தெரிந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை சொன்னதை நாமே உரக்கத் திருப்பிச் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பின் பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் செய்கிறோம். ஆனால் ஆசிரியர் எப்படியும் இன்னொரு முறை சொல்வார் என்றால், சக பிள்ளையின் மெல்லிய குரலை யார் கேட்பார்கள்? ‘அவளுக்குக் கேட்கலையாம், அவளைப் பார்த்துச் சொல்லு’ என்று சொல்லிவிட்டு, நீங்கள் பேசும் பிள்ளைக்கு எதிர் மூலைக்கு நடந்து போய் நில்லுங்கள். உங்களைப் பார்த்துத்தான் அது பேசும். நீங்கள் தூரத்தில் நின்றால் குரலும் உயரும், நடுவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

இவ்வளவும் ஆசிரியர் வாய் சம்பந்தப்பட்டது. ஆனால் கேள்வி சரியில்லை என்றால் எத்தனை நொடி காத்திருந்தாலும் பயன் இல்லை. மேட்டூர் அணை எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது என்று கேட்டால் 1934 என்பதோடு முடிந்தது. அதன்மேல் கட்ட என்ன இருக்கிறது? அதைக் கேட்டுச் சொல்ல வைத்துவிட்டுப் போய்விடலாம், கலந்துரையாடல் என்று பெயர் வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்து பாதி தெரியாத கேள்வி வேண்டும்; ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்க வேண்டும்; ஒரே பிள்ளையால் முழுதாக முடிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சாய்தளம் பற்றிய பாடம். அந்த ஆசிரியர் புத்தகத்தைத் திறக்காமல் கேட்டார்: ‘அடிவாரத்துல இருந்து மேல வர இருபது கொண்டை ஊசி வளைவு. நேரா ஒரே கோடா ரோடு போட்டிருந்தா தூரம் எவ்வளவோ குறைஞ்சிருக்கும். ஏன் போடல?’

‘நேரா போட்டா பஸ் ஏறாது சார்’ என்றான் ஒரு பையன்.

இங்கே ‘சரி’ என்றிருந்தால் பாடம் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். பதில் சரிதானே! அவர் பேசாமல் கரும்பலகையில் ‘பஸ் ஏறாது’ என்று எழுதி, பக்கத்தில் அவன் பெயரைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

‘செங்குத்தா இருந்தா இஞ்சின் இழுக்காது’ என்று ஒரு பெண் சொன்னாள். ‘எங்கப்பா ஜீப்புல காப்பி மூட்டை ஏத்திட்டு வந்தா வளைவுக்கு வளைவு கியர் மாத்துவாரு.’

‘யார் சொன்னதோட சேர்த்துச் சொல்ற?’

‘அவன் சொன்னதோடதான் சார். ஏன் ஏறாதுன்னு சொன்னேன்.’

அவள் பெயரையும் எழுதி, அவன் பெயருக்கு ஒரு கோடு இழுத்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: ‘நாங்க நடந்து வர்றப்ப குறுக்கு வழியிலதான் வருவோம். அது செங்குத்துதான். மனுசன் ஏறுறான், பஸ் ஏன் ஏறாது?’

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. ஆசிரியருக்கு வாய் துறுதுறுத்திருக்கும். ஆனாலும் அவர் பேசவில்லை. பிறகு இன்னொருத்தி, அவனைத் திரும்பிப் பார்த்தே சொன்னாள்: ‘நீ ஏறுவ, நின்னு நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறுவ. தலையில சுமை இருந்தா ரோட்டு வழியாத்தான் வருவ.’

உடனே முதல் பையன் கை தூக்கினான். ‘நான் சொன்னதை மாத்திக்கிறேன் சார். பஸ் ஏறாதுன்னு இல்ல, அவ்வளவு சுமையோட ஏறாது.’ அதற்கப்புறம் யாரோ ‘இறங்கறப்ப பிரேக் பிடிக்குமா?’ என்று கிளப்ப, பேச்சு வேறு பக்கம் பாய்ந்தது.

கடைசியில் ஆசிரியர் பேசினார். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் போல. எந்த வழியில் வந்தாலும் ஏற வேண்டிய உயரம் அதே 1,200 மீட்டர்தான். குறுக்கு வழியில் தூரம் குறைவு, ஒவ்வோர் அடிக்கும் விசை அதிகம். வளைந்த ரோட்டில் தூரம் அதிகம், விசை குறைவு. இதைச் சொல்லும்போது, பலகையில் இருந்த நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, ‘இவன் சொன்ன இது, இவள் சொன்ன அது’ என்று அவர்கள் பேச்சிலிருந்தே கட்டினார். புத்தகத்தில் இருப்பது அப்புறம் அவர்களுக்குத் தெரிந்த விஷயமாகத்தான் தெரிந்தது.

இதில் இரண்டு விஷயங்களை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கடைசியில் விளக்கினார். கலந்துரையாடல் என்றால் ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது, பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் பேசிப் பேசி ஓர் இடத்துக்கு வந்து நிற்கும்போது சரியான சொல்லையும் விதியையும் கொடுப்பதுதான் நம் வேலை. முன்கூட்டியே கொடுப்பதுதான் தொல்லை. இன்னொன்று, பலகையில் பெயர் எழுதுவது. ஒரு சாக்பீஸ்தான் செலவு, ஆனால் இதற்கு இணையான வேறு உத்தி எனக்குத் தெரியவில்லை. பேசியது காற்றில் போய்விடுகிறது. ஐந்தாவது ஆள் பேசும்போது முதல் ஆள் சொன்னது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பெயரோடு எழுதிவிட்டால், எதைப் பிடித்துப் பேசுவது என்று கண்ணுக்குத் தெரியும். கோடு இழுப்பதால், சேர்த்துப் பேசுவது என்றால் என்ன என்பதும் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. தப்பான கருத்தையும் எழுத வேண்டும், அடிக்காமல். மாற்றிக்கொண்டால் அந்தப் பிள்ளையே வந்து மாற்றி எழுதட்டும்.

இந்தப் பெயர்கள் உங்களுக்கும் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். பாடம் முடிந்ததும் பலகையைப் பார்த்தால் யார் பெயரிலிருந்து கோடுகள் கிளம்பியிருக்கின்றன என்பது தெரியும். முதல் பெஞ்ச் பெயர்களாகவே இருக்கிறதா? பெண் பிள்ளைகள் சொன்னது தனியாக நிற்கிறதா? ஊரில் ஒரு தெருப் பிள்ளைகள் சொன்னதை இன்னொரு தெருப் பிள்ளைகள் எடுத்துப் பேசவே இல்லையா? கடைசியாகச் சொன்னது நம் ஊர்களில் நடக்கிறது, பூசி மெழுக வேண்டாம். பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதை நாம் தீர்மானித்து, மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு, விடுபட்ட பிள்ளையின் கருத்தை நீங்களே கையில் எடுக்க வேண்டும்: ‘கொஞ்ச நேரம் முன்னாடி அவ சொன்னாளே, அதை விட்டுட்டோம். அதுக்கு இப்ப வருவோம்.’

பேசவே பேசாத பிள்ளைகளுக்கு, எல்லோர் முன்னாலும் பேசும் முன் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுங்கள். தனியாக யோசி, இருவராகப் பேசு, அப்புறம் எல்லோருக்கும் சொல் என்ற இந்த முறையைப் பிராங்க் லைமன் என்ற அமெரிக்க ஆசிரியப் பயிற்றுநர் 1981-இல் எழுதினார். இன்று எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கிறது. உங்கள் பிரச்சினைக்கு இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும். சொல்லும்போது தன் கருத்தைச் சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கருத்தைத்தான் சொல்ல வேண்டும். அப்புறம், தான் அதில் எதைச் சேர்த்தேன் அல்லது எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாக்கியம். கேட்காமல் சொல்ல முடியாது. கூச்சப்படும் பிள்ளையின் யோசனை வேறொருவர் வாயால் வகுப்புக்கு வந்துவிடும். அதை மற்றவர்கள் எடுத்துப் பேசுவதைப் பார்த்த பிறகு, அடுத்த முறை அதுவே வாய் திறக்கும்.

‘அவன் சொன்னதேதான் டீச்சர்’ என்று உட்காரும் பிள்ளைகளும் இருப்பார்கள். விடாதீர்கள். ‘பரவாயில்ல, உன் வாயால ஒரு தடவை சொல்லு’ என்றால் அப்படியே அதே பதில் வருவது அபூர்வம். ஏதாவது ஓர் உதாரணம் மாறும், ஒரு சொல் கூடும். ‘இந்த இடம் அவன் சொல்லாதது’ என்று அதைச் சுட்டிக்காட்டினால், தானும் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம் என்று பிள்ளைக்கே அப்போதுதான் தெரியும்.

கணக்கில் இது இன்னும் சுலபம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 25×12-ஐ மனதில் போடச் சொன்னால், நாலு இருபத்தைந்து நூறு, ஆகவே மூன்று நூறு, 300 என்று ஒருத்தி சொல்வாள். விடையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், ‘இப்ப அவ வழியிலேயே 25×16 போடுங்க’ என்று கேளுங்கள். அப்புறம் 24×12. அவள் கண்ட 300-லிருந்து ஒரு பன்னிரண்டைக் கழித்து 288 என்று யாராவது வந்து நிற்பார்கள். இன்னொருவர் யோசனையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான பயிற்சி இல்லை.

இனி மறுத்துப் பேசுவது. இங்கே நாம் தடுமாறுகிறோம். ‘நீ சொன்னது தப்பு’ என்றால் நம் பிள்ளைகளுக்கு அது சண்டை, இடைவேளையில் தொடரும். சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஆமாம் போட ஆரம்பித்தால் அதுவும் வீண். இங்கிலாந்தில் நீல் மெர்சர் பிள்ளைகளின் குழுப் பேச்சை மூன்றாகப் பிரித்தார். நான் சொன்னதுதான் சரி என்று முட்டிக்கொள்வது ஒன்று. ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி அடுக்கிக்கொண்டே போவது இரண்டாவது. காரணம் கேட்டு, காரணம் சொல்லி, தேவைப்பட்டால் மாற்றிக்கொண்டு சேர்ந்து தேடுவது மூன்றாவது. மூன்றாவது வகைப் பேச்சுக்கான விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து வகுத்துப் பழக்கிய வகுப்புகளில், குழுவாக மட்டுமின்றித் தனியாக எழுதிய சிந்தனைத் தேர்விலும் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது வகையை. ‘அதோட இன்னொண்ணு சார், இன்னொண்ணு சார்’ என்று நீளும்போது, சேர்த்துப் பேசுகிறார்கள் என்று நமக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒரு கருத்துகூட உரசிப் பார்க்கப்பட்டிருக்காது. ஏற்காட்டு வகுப்பில் பேச்சைத் தூக்கி நிறுத்தியது, ‘மனுசன் ஏறுறானே’ என்ற எதிர்ப்புதான்.

இதனால்தான் பட்டிமன்றத்தை இதற்கு மாதிரியாக எடுக்க வேண்டாம் என்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், விவாதம் என்றதும் இரண்டு அணியாகப் பிரிந்து தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். அங்கே அணி மாறக் கூடாது. இங்கே மாறத்தான் வேண்டும். அங்கே கடைசியில் நடுவர் தீர்ப்பு. மறுபடி எல்லோர் கண்ணும் ஒரே முகத்துக்குப் போய்விடும். ஆனால் நல்ல பட்டிமன்றப் பேச்சாளரிடம் ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்: எதிரணி சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டு வைத்திருந்து, அதில் ஆரம்பித்துத்தான் பேசுவார். அந்தக் காது வேண்டும்.

மலைமேல் வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் அதன் சொற்களும் இழுப்பும் கீழேயிருந்து வருகிற நமக்குப் புதிது. பிள்ளை ஒரு கருத்தைப் பாதி சொல்லும்போதே சொல்லைத் திருத்தினால், கருத்தும் அங்கேயே நின்றுவிடும். அது சிரிப்பாகிவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வருஷம் முழுக்கப் பேசாது. பேச்சு ஓடும்போது மொழியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. எழுதும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம்மை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டிய சங்கதிகள் அந்தப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கின்றன. எந்த மரத்தடியில் எது விளையும், எந்த ஓடை எப்போது வற்றும் என்பதில் அவர்கள்தான் நமக்கு வாத்தியார். கேள்வி அந்தப் பக்கம் இருந்தால் வாய் தானே திறக்கும்.

தொடக்கப் பள்ளிக்காரர்கள் கேட்பார்கள், எங்களுக்கு எப்படி என்று. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக உட்காருகிறார்கள். வாசிப்புக்கும் கணக்குக்கும் அது சரி. கலந்து பேசும் அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் கலைத்து உட்கார வையுங்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை, ஆட்டுக்குட்டியைப் பற்றியோ மழையைப் பற்றியோ யோசித்துப் பேசுவதில் யாருக்கும் சளைத்ததில்லை. அரும்பில் இருப்பவர் சொன்னதை மலரில் இருப்பவர் பிடித்துப் பேசுவது இரண்டு பேருக்கும் நல்லது. இந்த வயதில் வாக்கியச் சார்ட் எதுவும் வேண்டாம். நடுவில் ஒரு பொருளையோ படத்தையோ வைத்தால் போதும். கண் உங்கள் முகத்தை விட்டுப் பொருளுக்குப் போய்விடும்.

உங்கள் சார்ட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடிக்க ஆரம்பித்த பிறகு, அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அதையே குறித்து வையுங்கள். ‘அவ சொன்னதுல ஒண்ணு சேக்கணும்’, ‘அது எப்பவும் அப்படி இல்ல’, ‘நான் மாத்திக்கிறேன்’. இவற்றை எழுதிச் சார்ட்டில் ஒட்டினால் அது அவர்கள் பேச்சு, ஒப்பிக்க வேண்டியதில்லை. இப்போது இருக்கிற ‘உடன்படுகிறேன், ஏனெனில்’ எல்லாம் கட்டுரை எழுதும்போது உதவும். அந்தப் பக்கம் மாற்றி ஒட்டிவிடுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு பீரியட், அதிலும் ஒரு கால் மணி நேரம். சத்தம் வரும், ஹெச்.எம். எட்டிப் பார்ப்பார். பலகையில் பெயர்களும் கோடுகளும் இருந்தால் விளக்கம் சொல்லச் சுலபம்.

ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தெடுக்கும் பாடம் வரும். அதற்கு உங்கள் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது மரவள்ளி வயலோ ஆலையோ தெரிந்திருக்கும். கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படிகிறது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் மரவள்ளி மாவு. கலக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்: ‘மாவு மட்டும் ஏன் கீழ போகுது?’ ‘அது கனம்’ என்று முதல் பதில் வரும். எழுதி, பெயர் போட்டுவிட்டு, நில்லுங்கள். ‘உப்பும்தான் கனம், போட்டதும் கீழதான் போச்சு’ என்று யாராவது சொல்ல வேண்டும், சொல்வார்கள். வராவிட்டால் மட்டும், கலக்காமல் மூன்றாவது டம்ளரில் உப்பைப் போட்டுக் காட்டுங்கள். கரைவது வேறு, மிதந்துகொண்டிருந்துவிட்டுப் படிவது வேறு என்ற இடத்துக்கு அவர்களே வந்துவிடுவார்கள். ‘அப்ப பசும்பால் ஏன் படியறதில்ல?’ என்ற கேள்வியும் வரலாம். பாலில் இருக்கிற கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகப் பரவியிருக்கிறது, அது தண்ணீரைவிட லேசானதும்கூட, அதனால் நேரமானால் ஆடையாக மேலே வருமே தவிரக் கீழே போகாது என்பது பதில். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், ஆனால் கேட்டவுடன் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சாத பாலை இரவு முழுக்க வைத்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் மாடு வைத்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும். அது கை தூக்கும் வரை பொறுங்கள்.